மற்றவை

பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்று
பட்டர்வொர்த்திலிருந்து வரும் வழியில் நசுங்கியது.
ஆறு போத்தலில் ஐந்து பிழைத்தன.
இனி இதை விற்க முடியாது என்றார் ஊய்.
அப்படித்தான் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு
பீச் ஸ்திரீட் மாடியில்
ஃபைல்களை ஒதுக்கிவிட்டு
டீ கிளாஸ்களை வைத்தோம்.

கிதோனீட்ஸா.
கிரேக்கத்தின் தெற்கே எங்கோ விளையும்
வெள்ளைத் திராட்சையாம்.
ஊய் சொன்னால் ஹொக்கியன் போலிருந்தது,
நான் சொன்னால் இருமல் மருந்து.
பாரத்தில் வகைக்கென்று ஒரு கட்டம் உண்டு.
கணினி நீட்டிய பட்டியலில் இந்தப் பெயர் இல்லை.
போன மாதம் நான்தான் அழுத்தினேன்:
லாயின்-லாயின். மற்றவை.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முதல் மடக்கு, ஸ்பூனை நக்கியது போல
குளிர்ந்த உலோகம்.
பிறகு புளிப்பு. கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டது.
விழுங்கி, அவ்வளவுதான் என்று நினைத்தபோது
பின்வாசல் வழியே ஒரு வாசம் வந்து உட்கார்ந்தது.

லேபிள் அதைக் குவின்ஸ் என்றது.
மூவருமே குவின்ஸைக் கண்டதில்லை.
அகராதியைத் தட்டினேன்: சீமைமாதுளை.
சிரிப்பு வந்தது.
கப்பலில் இறங்கியதற்கெல்லாம்
சீமை என்று இனிஷியல் போட்டு
வீட்டுக்குள் விட்டுவிடுகிறோம்.
படத்தில் இருந்ததோ மஞ்சளாய், கோணலாய்,
மாதுளைக்கு எந்த வழியிலும் சொந்தமில்லாதது.

கெடொண்டொங், தோலோடு, என்றார் ஊய்.
நேற்று நறுக்கிய பேரிக்காய் என்றேன்.
கணக்கெழுதும் பெர்னடெட், பூலாவ் தீக்கூஸ்காரி,
கிளாஸை மூக்கடியில் பிடித்தபடி
ஃபெர்ரி திரும்புவதையே பார்த்திருந்தாள்.

“ஜாதிக்காய்.
கொட்டை இல்லை, மேலே இருக்கும் சதை.
பாலிக் பூலாவில் சீவி வைப்பார்களே,
சர்க்கரை படுவதற்கு முன்னால்.”

அதன்பின் எங்களால்
வேறெதையும் ருசிக்க முடியவில்லை.

மூன்றாவது கிளாஸில் கேட்டாள்:
“பாரத்தில் இதை எதில் போட்டாய்?”
சொன்னேன்.
“பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கும் அதே கட்டம்தான்.
மலாய், சீனர், இந்தியர், அதுக்குக் கீழே.”
போத்தலைச் சாய்த்து
தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.
ஊய் எழுந்து ஃபேனைக் கூட்டினார்.

திங்கட்கிழமை பாரத்தைத் திறந்தேன்.
வகையை இனி மாற்ற முடியாதாம்.
அடியில் குறிப்புக்கு நாற்பது எழுத்து இடம்.
கிதோனீட்ஸா என்று அடித்தேன்.
இடம் இன்னும் இருந்தது.
ஜாதிக்காய்ச் சதை, சர்க்கரைக்கு முன்.