இரண்டு நாற்பதின் பள்ளம்

நரின் ஆற்றின்மேல் ஐஸ் ஓர் ஆள் கனம்.
மாவட்ட மருத்துவமனை நிலவறையில்
ஏழு சர்வர்கள், ஏழிலும் லினக்ஸ்.
ஐந்தாவதற்கு மூடி கிடையாது.

கண்காணிக்க மென்பொருள் வாங்கப் பணம் கேட்டபோது
கணக்கர் சிரித்தார். எக்ஸ்ரே ஃபிலிமுக்கே கடன்.
ஆகவே பெகாயிம் இலவசமாய்க் கிடைப்பதை இறக்கினாள்:
எண்களைச் சேர்க்கப் புரொமீதியஸ்,
கோடுகளாய் வரையக் கிராஃபானா.
எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி
பூட்டுப் போடாமல் விட்டுப்போன நிரல்கள்.
(நிலவறைக் கதவுக்கும் பூட்டில்லை, அது வேறு கதை.)

பதினைந்து நொடிக்கு ஒருமுறை
ஏழு பேரிடமும் நலம் விசாரிக்கும்.
வட்டில் இடம் இருக்கிறதா, நினைவகம் போதுமா,
மூச்சு வாங்குகிறதா.
இருக்கிறேன் என்றால் பச்சை.

டிசம்பரில்தான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள்.
வெப்பநிலைக் கோட்டில், தினமும் இரவு இரண்டு நாற்பதுக்கு
இரண்டு டிகிரி இறக்கம்.
பத்து நிமிடம்; பிறகு பழையபடி.
கிரான் பட்டியலைத் துழாவினாள்,
அந்நேரத்துக்கு எந்த வேலையும் இல்லை.
சென்சாரை மாற்றினாள். பள்ளம் மாறவில்லை.

ஒருநாள் திரையை அணைத்துவிட்டு
மேசையருகே இருட்டில் காத்திருந்தாள்.
கதவு திறந்தது. தாழ்வாரக் குளிர் முதலில் வந்தது,
பின்னால் இரவுக் காவலர் ஜூமாதில்.
பாய்லர் பழுதாகி மூன்று வாரம்.
கையுறையைக் கழற்றி
மூன்றாம் சர்வரின் முதுகில், வெம்மூச்சு வரும் இடத்தில்
பத்து விரலையும் விரித்தார்.
கும்பிடுவதுபோல் என்று எழுத வந்தது. இல்லை,
ரொட்டி சுடுபவர் அடுப்பைச் சோதிப்பதுபோல்.

காலையில் எச்சரிக்கை விதியில்
ஒரே ஒரு வரியை மாற்றினாள்:
இரண்டு டிகிரிக்கெல்லாம் யாரையும் எழுப்பாதே.

பிப்ரவரியில் ஓர் இரவு, திரை முழுக்கப் பச்சை.
இரண்டு நாற்பது. இரண்டு ஐம்பது.
கோடு நேராகப் போனது, இஸ்திரி போட்டதுபோல்.
மென்பொருள் வாய் திறக்கவில்லை;
அதற்குத் தெரிந்தவரை யாருக்கும் ஒன்றுமில்லை.

அவரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.
மறுபடி. மறுபடி. நான்காம் முறை
"என்ன?" என்றார், தூக்கம் கலைந்த கோபத்தில்.
"பாய்லர் ஓடுது. அறை சூடா இருக்கு. இப்பத்தான் கண்ணசந்தேன்."
"காவலாளி தூங்கலாமா?"
"நீ எதுக்கு முழிச்சிருக்கே?"

பதில் சொல்லாமல் வைத்தாள்.
பிறகு புதிதாய் ஒரு விதி எழுதினாள்:
இரண்டு நாற்பதுக்குப் பள்ளம் விழாவிட்டால்
எனக்கு மட்டும் சொல்.
விதிக்குப் பெயர் கேட்டது.
'கை' என்று தட்டினாள்.

இப்போது தினமும் இரண்டு ஐம்பதுக்கு
அவள் தலையணைக்கடியில் போன் ஒருமுறை அதிர்கிறது.
அவர் குளிரில் இல்லை என்று பொருள்.
பொய் எச்சரிக்கைகளை வாரந்தோறும் களைபவள்
இதை மட்டும் அணைக்கவில்லை.
புரண்டு படுக்கிறாள்.