முதலில் கேபிள்

லுப்லியானாவில் நவம்பர்.
மூடுபனி அடித்தள ஜன்னலில் கன்னம் வைத்து
அருங்காட்சியக ஆய்வறைக்குள் பார்க்கிறது.
சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று
நானும் மூன்றாம் முறை பார்க்கிறேன்.

அணைந்துதான் இருக்கிறது.
நேஷா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததற்கும் எடை உண்டு,
எவ்வளவு தாங்குவேன் என்று
என் முதுகில் யாரும் அச்சடிக்கவில்லை.

பிப்ரவரியில், பச்சை விளக்கு எரிகையிலேயே
மோட்டார் கேபிளைப் பிடுங்கியவன் நான்.
டப் என்றொரு சத்தம்,
கருகிய வார்னிஷ் வாசனை,
புது டிரைவர் வந்துசேர ஒன்பது மாதம்.
"பிள்ளை பெறும் காலம்" என்றான் கொராஸ்ட்.
யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே இன்று முதலில் கேபிள்.
பதினைந்து ஊசி, பதினைந்து துளை,
வளைந்தது ஒன்றுமில்லை.
இருபுறத் திருகையும் விரலால் மட்டும் முடுக்கி
மேடை சுற்றும்போது இழுபடாதிருக்க
மேசைக்காலருகே ஒரு தொளதொள வளையம்.
பிறகுதான் மின்சாரம்.
மேடை மெல்ல அசைகிறது,
தூக்கத்தில் போர்வையைத் தேடும் கால்போலத்
தன் பூஜ்யத்தைத் தேடி
தொட்டதும் நிற்கிறது.

ஏற்ற வேண்டியது குகைக்கரடியின் மண்டையோடு.
மூன்று கிலோ நானூறு.
மேடை எட்டு கிலோ தாங்கும், கவலையில்லை என்றேன்.
"எந்த இடத்தில் எட்டு?" என்றாள்.

நடுவில் வைத்தால்.
மூக்கு நீண்டு விளிம்பைத் தாண்டும் பிராணிக்குக்
கணக்கு வேறு:
எடை, அதைப் பெருக்கும் தூரம்.
மையம் விலகினால் சிறு பாரமும் நெம்புகோல்,
முடியளவு இடைவெளியில் உருளும் எஃகுக் குண்டுகளை
ஒரு பக்கமாய் அமுக்கும்.
பள்ளம் கண்ணுக்குத் தெரியாது,
படத்தில் தெரியும்.

கரடிக்கு முன் கொராஸ்டின் மதிய உணவு ஏறியது:
புளித்த டர்னிப், பெரிய கண்ணாடி ஜாடி.
சுற்றவிட்டுக் குனிந்து பார்த்தோம்.
ஒரு வேகத்தில் உப்புநீர் அமைதி,
இன்னும் கொஞ்சம் கூட்டினால்
மேல்பரப்பு முழுக்கப் புல்லரிப்பு.
அந்த வேகம் வேண்டாம் என்று
நேஷா குறித்துக்கொண்டாள்.
ஜாடியைக் கொராஸ்ட் திரும்ப வாங்கி
மூடியைத் திறந்தான்.

நுரைத் தொட்டிலை மேடையில் பூட்டும் திருகு
ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது,
இறங்கினால் உள்ளே எதையோ குத்தும்.
கையிலிருந்தது எட்டு.
இரண்டு வாஷர் போட்டேன்,
அளந்தேன், மறுபடி அளந்தேன்.
மூக்குக்கு ஈடாகப் பிடரிப் பக்கம்
அவள் கடலில் மூழ்கப் போகும்போது
இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி ஒன்று.
தொட்டில் இப்போது எந்தப் பக்கமும் சாயவில்லை.

"நீ வை."

நான்தானா என்று கேட்க வாய் வரவில்லை.
கையுறைக்குள் வியர்வை.
இறக்கினேன் என்பதைவிட
கனம் தானாக என் கையைவிட்டுப் போகும்வரை
காத்திருந்தேன்.

அரை டிகிரி. கேமரா. அரை டிகிரி.
எழுநூற்று இருபது முறை,
நாலு மணி நேரம்.
உடைந்த கோரைப்பல் எங்களைக் கடந்து
சுவர்ப்பக்கம் போனது.
கொராஸ்ட் மென்றுகொண்டிருந்தான்.
நேஷா தன் ஃபிளாஸ்க்கிலிருந்து
எனக்கும் ஊற்றினாள், பார்க்காமல்.

பல் திரும்பி வந்து
புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

கேபிளை யாரும் கழற்ற வேண்டாம் என்று
சிவப்பு டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறது.
கையெழுத்து என்னுடையது.