உட்கார்ந்த உயரம்

நாலு துடுப்பும் அறுபது அங்குலம்.
சென்னையிலிருந்து லாரி பார்சலில் வந்தன
சாக்குச் சுற்றி, ஒரே அளவில்,
பள்ளிக்கூடத்து இலவசச் சட்டை மாதிரி.

பாம்பனில் ஜாக்கெட் தைக்கிறவள் நான்.
அந்தச் சட்டை யாருக்கும் சேராது என்று
பார்த்ததுமே தெரியும்.

டேப்பை எடுத்துக்கொண்டு வா என்றார்கள் சின்னப்பாலத்துக்கு.
பாசி எடுக்கப் போகாத நாள்.
வரிசையில் நின்றார்கள், நெஞ்சை நிமிர்த்தி.
‘நிக்காதீங்க. படகுல நின்னுக்கிட்டா போவீங்க?’

ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து
ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தேன்.
பலகையிலிருந்து மூக்கு நுனிவரை தண்டு.
தண்ணீரில் முங்குகிற அகலம் தனிக் கணக்கு.

உட்கார்ந்தால் ஆட்கள் மாறிவிடுகிறார்கள்.
நெட்டைச்சி என்று பேர் வாங்கிய காளீஸ்வரி
காலால் வளர்ந்தவள்;
பெட்டிமேல் அவள் பாத்திமுத்துவின் காதளவுதான்.
‘இருவது வருசமா இவகிட்ட அண்ணாந்து பேசிட்டனே’ என்று
பாத்திமுத்து சிரித்ததில் பெட்டி ஆடியது.

துணியென்றால் உள்ளே மடித்து விடுவேன்.
உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம்.
பிடியைக் கழற்றி, கம்பை அறுத்து, மறுபடி மாட்டுகிற வேலையில்
மடிப்புக்கு இடமில்லை.
ரம்பம் போனது போனதுதான்.

நம்புத்தாயை அளக்கும்போது
பரமக்குடியிலிருந்து மகள் போன் பண்ணினாள்.
குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.
குனிந்த மூக்கை நான் அளந்தேன்.
ரெண்டு அங்குலம்.

யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
கொஞ்சநேரம் கழித்து ரீட்டா சொன்னாள்:
‘குட்டைக்கம்பு முன்னால உக்காரட்டும்.’
முன்னால் என்றால் முதல் அலை முகத்தில்.
‘மூஞ்சியில தண்ணி படாத நாளா எனக்கு’ என்று
நம்புத்தாய் போய் உட்கார்ந்தாள்.

போட்டியன்று கச்சான்.
குந்துகால் திருப்பத்தில் நீவாடு ஒரு பக்கம் இழுக்க
காற்று ஒரு பக்கம் தள்ள
பாரின்மேல் தண்ணீர் வெள்ளையாய்க் கிழிந்துகொண்டிருந்தது.
நீளத் துடுப்புக்காரர்கள்
ஒருமுறை தூக்குவதற்குள் அடுத்த அலை.
நம்புத்தாயின் கை மட்டும்
குத்தி எடுத்து, குத்தி எடுத்து,
என் மெஷின் ஊசி ஓடுகிற ஓட்டம்.
நுரையைவிட்டு முதலில் வெளியே வந்தது
நான் தப்பாக அளந்த மூக்கு.

கரையோரம் வந்ததும் தண்ணீர் தட்டையானது.
அங்கே அந்தக் கம்பு எட்டவில்லை.
ஒவ்வொரு போடுக்கும் இடுப்பிலிருந்து வளைந்தாள்.
மண்டபத்துப் படகு தாண்டியது.
பிறகு இன்னொன்று.
மூன்றாமிடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடம்,
நாலு பேருக்கு.

சாயங்காலம் கடைக்கு வந்தாள்,
இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.
‘புதுக்கம்பு வாங்கித் தாரேன்.’
‘வாங்கு. இதையும் வச்சுக்கிறேன்.
வெள்ளைத் தண்ணிக்கு இதுதான்.’

பிறகு வழக்கம்போல வெட்டுத்துணி கேட்டாள்,
விரலில் சுற்றிக்கொள்ள.
விடிந்தால் பாசிக்குப் போகணும்.
பையைத் துழாவிய கையில் கட்டைகள் தட்டுப்பட்டன.
நாலையும் எடுத்து மேசையில் நிறுத்தினாள்.

தன்னுடையது எதுவென்று கேட்கவில்லை.
நாலில் உயரமாக நின்றது அது.