பக்க நிலைப்படம்

சவர்க்காரக் கட்டியொன்றைப் பிளேடால் அரிந்து
படிக்கட்டுப்போல் ஆக்கி மேசையில் வைத்தார்
புவனேந்திரன் சேர்.
மேலேயிருந்து பார்த்தால் கிடைப்படம்,
முன்னாலிருந்து பார்த்தால் நிலைப்படம்,
பக்கத்திலிருந்தும் ஒன்று.
மறைந்த விளிம்பை மறந்துவிடாதே,
விட்டுவிட்டுக் கோடு போடு என்றார்.
வெட்டி விழுந்த துண்டை
காலுறை தோய்க்க விதுர்ஷன் கொண்டுபோனான்.
அன்று முழுக்க
பத்தாம் வகுப்பில் எலுமிச்சை வாசம்.

வீட்டுவேலை: வீட்டில் உள்ள ஒரு திண்மம்.
மற்றவர்கள் தீப்பெட்டி, பால்மா டின்.
நான்
நாங்கள் இருக்கிற கீழ் லயத்தையே எடுத்தேன்.

பொகவந்தலாவை மலையில் இதற்குக் கஷ்டமே இல்லை.
மேல் லயத்து வாசலில் நின்றால்
கீழ் லயத்துக் கூரைதான் தெரியும்:
நீண்ட செவ்வகம், நடுவே முகட்டுக் கோடு,
தகரம் பறக்காமலிருக்க ஏற்றிய கல், பழைய டயர்
(அவற்றை விட்டுவிட்டேன், சேர் சிரிப்பார்).
கொழுந்து மடுவத்துப் பாதையில் இறங்கினால்
முன்பக்கம். பத்துக் கதவு.
பீலிக்கரையில் வாளியை வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்த்தால்
ஒரு சுவர், அதன்மேல் ஒரு முக்கோணம்,
சின்னப் பிள்ளைகள் கீறுகிற மாதிரி
ஒரே ஒரு வீடு.
பத்துக் குடும்பமும் ஒன்றன்பின் ஒன்றாய்
அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கும்.

கொப்பி திரும்பி வந்தது, சிவப்பு மையோடு:
‘மறைந்த விளிம்புகள் எங்கே?’

அம்மா தூங்கிய பிறகு
அடிமட்டத்தோடு உட்கார்ந்தேன்.
ஒன்பது தடுப்புச் சுவர்.
முன்படத்தில் ஒன்பதும் தனித்தனியாய் நின்றன.
பக்கப் படத்திலோ எல்லாம் சேர்ந்து
முக்கோணத்தின் அடியில், குறுக்கே,
ஒற்றைக் கோடாய்ப் படுத்துக்கொண்டன.
எங்கள் சுவர்கள்
கூரைவரை போவதில்லை.

சேர் அந்தக் கோட்டைச் சுழித்தார்.
‘தடுப்பு முகட்டைத் தொட வேண்டும்.
தொட்டால் இந்தக் கோடு வராது.’
அரைப் புள்ளி போயிற்று.

நான் அழிக்கவில்லை.
அந்த முக்கோணத்தின் வழியாகத்தான்
எட்டாம் காம்பரா மருதமுத்து மாமாவின் இருமல் வருகிறது,
யாரோ கருவாடு பொரிப்பது வருகிறது.
நேற்று ராத்திரி கோடு போட்டபடி
விட்டுவிட்டு, விட்டுவிட்டு என்று நான் முணுமுணுக்க,
மூன்றாம் காம்பராவிலிருந்து ஒரு குரல்:
“இல்லியே புள்ள,
மழ விட்டு வெகுநேரமாச்சே.”