நல்ல ராயி

குப்பம் சாலையில், செக்போஸ்ட்டுக்கு இப்பால்
எங்கள் எடைமேடை. அறுபது டன் தாங்கும்.
லீவுக்கு வந்தவளைக் கேபினில் உட்கார வைத்துவிட்டு
அப்பா ஓசூர் போயிருந்தார், வயிற்று டாக்டரிடம்.
வீட்டில் சிக்னல் ஒரு கோடு, இங்கே மூன்று.
ஆகவே மே மாதம் காய்ச்சலில் தவறவிட்ட
பின்னிஷ் வாய்மொழித் தேர்வும் இங்கேதான்,
பதினொன்றரைக்கு,
பில் மெஷினுக்கும் பக்கெட்டில் மிதக்கும்
பெங்களூரா மாங்காய்க்கும் நடுவில்.

கடன் கேட்டுப் போனபோது
பேங்க் மேனேஜர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"நார்டிக் மொழிகள்...
இது கம்ப்யூட்டர் மொழியாம்மா?"
ஆமாம் என்றிருக்கலாம்.
இல்லை என்றேன். ரயில்வே லைனை ஒட்டியிருந்த
ஏழு சென்ட் போயிற்று.

துர்க்கு நகரத்தில் தெருவுக்கு இரண்டு பெயர்,
மேலே பின்னிஷ், கீழே ஸ்வீடிஷ்.
ஊருக்கே இரண்டு பெயர்.
கூடப் படித்தவர்கள் போர்டைப் படம் எடுத்தார்கள்.
நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தேன்.

ஸ்வீடிஷ் எனக்கு ஒட்டவில்லை.
வீடு வைத்திருக்கிறேன், தங்கை வைத்திருக்கிறேன்,
தலைவலி வைத்திருக்கிறேன்
என்று எதையும் கையில் பிடித்தே பேசும்.
பின்னிஷில் அந்த வினையே கிடையாது.
என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.
நம்மைப் போல.
பொருள் தானாக வந்து பக்கத்தில் நிற்கும்,
வேண்டாமென்றால் போய்விடும்.
இதற்காக யொஹன்னா ஒரு மாதம் அழுதாள்.
எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்.

வேற்றுமை மட்டும் பதினைந்து.
எட்டோடு போனவள் நான்.
புதிதாய்க் கிடைத்ததில் ஒன்று
இல்லாமைக்கென்றே ஓர் உருபு.
பணமில்லாமல், கோட்டில்லாமல், நீயில்லாமல்
எல்லாவற்றுக்கும் சொல்லின் வாலில் ஒரு 'த்தா'.
மூன்று மணிக்கே இருட்டும் டிசம்பரில்
அதை நிறையச் செலவழித்தேன்.

திரையில் பிர்யோ வந்தார்.
பின்னால் வெள்ளை மரங்கள், வெயில்.
"உன் ஊரைப் பற்றிச் சொல்."
வாயைத் திறக்கிறேன், பதினாலு சக்கரம் ஒன்று
மேடையில் ஏறுகிறது. கேபின் அதிர்ந்து
மாங்காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
ஹாரன்.

ஜன்னல் பக்கம் திரும்பி "ஹெத்கி, ஹெத்கி" என்றேன்.
திரைப் பக்கம் திரும்பி "உண்டக்கா" என்றேன்.
மாற்றிச் சொன்னது எனக்கு உறைக்கும் முன்பே
இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

டிரைவர் பாபையா தலையை உள்ளே நீட்டினார்.
லாரியில் என்ன என்று பிர்யோ கேட்டது
பின்னிஷில். அவருக்கு எப்படிப் புரிந்ததோ,
"நல்ல ராயி, மேடம்."

பிர்யோவின் பேனா நின்றது.
"ராயா? எல்லை என்றா சொல்கிறார்?"

எங்கிருந்து ஆரம்பிப்பது.
அவர் வாயில் நல்ல என்றால் கறுப்பு,
ராயி என்றால் கல்,
குப்பத்துக் குவாரியில் அறுத்த இருபத்தாறு டன்.
அதே நல்ல என் காதில் நல்லதாகவே விழும்,
கல்லோ உங்கள் ஊருக்குப் போனால் எல்லைக்கோடு.
மூன்று பேர் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு
மூன்று பக்கம் நடக்கிறோம், அக்கா,
யாருக்கும் தோள் வலிக்கவில்லை.
இத்தனையும் சொல்ல என் பின்னிஷுக்குக் காணாது.

அந்த ஊர்ப் பெண்கள் செய்வதுபோல
மூச்சை உள்ளே இழுத்து
'யோ' என்று மட்டும் சொன்னேன்.
பிர்யோ குறித்துக்கொண்டார்.

பில்லைக் கிழித்துக் கொடுத்தபோது பாபையா கேட்டார்,
"ஏம் பாஷம்மா அதி?"
வடக்கே ரொம்ப தூரம், அண்ணா.
"ஓ, ஹிந்தியா. மஞ்சிதே, மஞ்சிதே,"
ஒரு மாங்காயை எடுத்துத் துடைத்துக்கொண்டு போனார்.

மார்க் இன்னும் வரவில்லை.
மறுநாள் மாலை துறைமுகத்திலிருந்து திரும்பி
அதே லாரி மேடையேறியது.
கேபின் அதிரவே இல்லை.
காலி எடை பதினொன்று இருநூறு.
சரக்கு என்ற கட்டத்தில் கோடு போடவேண்டும்.
அப்பா பார்க்கவில்லை.
'ராயித்தா' என்று எழுதினேன்.