பத்திரத்தில் இல்லாத கட்டை

கீழ்த்தளம் எனக்கு, மேல்மாடி ஞானமூர்த்திக்கு என்று
மாயவரம் சார்பதிவாளர் ஆபீசில்
எட்டுப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்.
கிணறு பொது. நடை பொது. கொல்லைக் கதவு பொது.
நடுவில் கிடக்கிற கட்டைகளைப் பற்றி
ஒரு வரி இல்லை.

அவன் தரை, என் கூரை.

நாலு வருஷம் கழித்து, ஆற்றில் தண்ணீர் வந்த வாரம்,
என் சோற்றுத் தட்டில் மாவு மாதிரி உதிர்ந்தது.
முதலில் உப்பு என்றுதான் நினைத்தேன்.
ஆசாரி சவரிராஜ் ஏணியில் ஏறி
திருப்புளியால் குத்தினார்.
பிடிவரை இறங்கியது,
கட்டை சுவருக்குள் நுழைகிற முனையில்,
மேலே அவன் பாத்ரூம் கட்டிய இடத்துக்கு நேர் கீழே.

"பதினோரு கட்டையில மூணு போச்சு.
மொத்தமாப் பிரிக்க வேணாம்.
அழுகினத அறுத்துட்டு ஒட்டினாப்புல துணைக்கட்ட குடுத்து
போல்ட்டு முடுக்கிரலாம். காசு யாரு தர்றது?"

"தண்ணி அவனுது" என்றேன்.
மேலே போய்விட்டு வந்தார்.
"கரையான் உங்களுதாம்மா.
தரையிலேருந்துதான ஏறுதுன்னு கேக்குறாரு."

வியாழக்கிழமை லாரி ஜாக்கி ரெண்டு வந்தது,
ஆறு சவுக்கு முட்டு.
ஒரு நாளைக்கு ஒரு நூல்தான் தூக்கணுமாம்,
அவசரப்பட்டால் மேல்தரை வெடித்துவிடும்.
மேலே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படித்தான் அவன் குரல்
காரை பெயர்ந்த இடுக்கு வழியாக விழுந்தது.
"போதும்."
என்னிடம் இல்லை, ஜாக்கியிடம்.
மறுநாளும் ஒரு போதும்.

மூன்றாம் நாள் சவரிராஜ் டீ குடிக்கப் போன நேரம்
கைப்பிடியை நான் பிடித்தேன்.
முட்டு முனகியது.
"இன்னும் கொஞ்சம்ண்ணே" என்றான்,
"பீரோக் கதவு இப்பத்தான் தானாத் தொறக்காம நிக்குது."
கால் சுற்று.
"போதும்ண்ணே."
"சரி" என்றேன்.

தலைக்கு மேலே நடை நின்றது.
ரொம்ப நேரம் எதுவும் இல்லை,
கழுத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூசி.
பிறகு,
"தள்ளி நில்லு. காரை விழும்."

அறுத்தெடுத்த முனை முற்றத்தில் கிடக்கிறது,
வறுக்கி ரொட்டி கனம்.
கூலிச் சீட்டில் சவரிராஜ் எழுதியிருக்கிறார்:
தண்ணி ரெண்டு பங்கு, கரையான் ஒரு பங்கு.
அவன் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.