விற்கும்போது இருந்த நிலை

ஆளுயரக் கடிகாரம் ஒன்று.
ஏழடி நாலு அங்குலம், உச்சியில் உடைந்த இலையைச் சேர்க்காமல்.
குருசுக்குப்பம் மதாம் செலினா வீட்டிலிருந்து வந்தது.
மகன் துலூசிலிருந்து போனில் பேசி
கட்டில், அலமாரி, இது
எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்லிவிட்டார்.

எழுதுவது என் வேலை.
ஹபீபுல்லா பாய் கடையில் எந்தப் பொருளுக்கும்
நூலில் தொங்கும் ஓர் அட்டை உண்டு.
பூச்சி அரித்திருந்தால் பூச்சி அரித்தது என்று எழுதுவேன்.
பாய் வாசித்துவிட்டு
"கொஞ்சம் பழமைன்னு மாத்தும்மா" என்பார்.

முகம் வெள்ளை எனாமல்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல்.
இயந்திரம் பிரான்சில் ஏதோ மலைப்பக்கம் செய்தது.
பெட்டி நெல்லித்தோப்பில் அறுத்த தேக்கு.
ஒன்றுக்காக ஒன்று பிறந்ததில்லை;
இந்த வியாபாரத்தில் அதற்குக் கல்யாணம் என்று பேர்.
"கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம்,
நீ ஒண்ணே ஒண்ணு எழுதக்கூடாதா?"
எழுதினேன்:
பெட்டி வேறு, இயந்திரம் வேறு.
சேர்ந்து இருந்த காலம் நூறு வருஷத்துக்குக் குறையாது.

குண்டுகளில் ஒன்று அசல்.
காணாமல்போன மற்றதற்குப் பதில்
இரண்டு கிலோ படிக்கல் இரண்டு, கட்டுக்கம்பியில் பிணைத்து,
சர்க்கார் முத்திரையோடு.
எந்தக் கடைத் தராசிலிருந்து இறங்கியதோ,
அங்கே அப்புறம் எதை வைத்து நிறுத்தார்களோ.

அடியில் இரண்டு சாண் உயரத்துக்கு வெளுத்த கோடு.
தானே புயல் என்றான் ஏற்றி வந்த வண்டிக்காரன்.
அதற்கும் முந்தியது என்றார் பாய்.
தண்ணீர் என்று மட்டும் எழுதினேன்.
கதவின் உட்பக்கம் பென்சிலில்
எண்ணெய் போட்ட தேதிகள்;
கடைசித் தேதிக்குக் கீழே
பால் பாக்கி பதினாலு ரூபாய்.
துடைக்கவில்லை.

ஓடவில்லை.
பெண்டுலத்தைத் தள்ளினால் நாற்பது நிமிஷம்,
பிறகு நொண்டும், பிறகு நிற்கும்.
அந்துவான் வந்து கழற்றிப் பார்த்தார்.
பல்லில் குறையில்லை, கயிற்றில் குறையில்லை என்று
திரும்ப மாட்டி, முந்நூறு வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லை.
தூசு தட்டக் குனிந்தேன்.
இடது கால் வலது காலைவிடக் கட்டை.
உடைந்ததில்லை, அறுத்தது. ரம்பத்தின் தடம் அவ்வளவு சீர்.
அந்த வீட்டுத் தரை ஒருபக்கம் மேடு போல.
தரையைத் திருத்த முடியாதவர் யாரோ
காலைத் திருத்தியிருக்கிறார்.
எங்கள் கடைத்தரை கிரானைட்,
ரசமட்டம் வைத்துப் போட்டது.
அதில்தான் இது கோணல்.

மேசை இழுப்பறையில்
பாய் வேண்டாமென்ற என் அட்டைகள் கிடந்தன.
கண்ணாடி மாற்றியது. கீல் புதிது. பூச்சி அரித்தது.
ஒன்பது அட்டையை அடுக்கி
இடது காலுக்குக் கீழே செருகினேன்.
தள்ளினேன்.

மூன்று மணிக்கு மூன்று அடித்தது.
இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் மூன்று.
பழுதென்று பயந்து போன் போட்டால்
அந்துவான் சிரிக்கிறார்:
"அந்த ஜாதியே அப்படித்தான்.
முதல் தடவை எண்ணத் தவறினவங்களுக்கு."

அட்டையில் திருத்தினேன்:
ஓடுகிறது, தரையைப் பொறுத்து.

சனிக்கிழமை வந்தவர் திருமலைராயன்,
துய்மா வீதியில் விடுதி திறக்கப்போகிறவர்.
அட்டையை அவர் புரட்டக்கூட இல்லை.
விரிசலை விரலால் தடவி "இதுதான் அழகு" என்றார்.
தண்ணீர்க் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டார்.
"ஓடுது சார்," பாய்க்குப் பெருமை.
"சத்தம் போடுமா?"
"ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு தரம்."
"அய்யோ, தூங்கறதுக்குத்தான் காசு குடுத்து வர்றாங்க.
நிறுத்திக் குடுங்க.
முள்ளு பத்து பத்துல இருக்கட்டும், போட்டோவுக்கு."

பில் எழுதும்போது நான்கு அடித்தது.
பாய் கதவைத் திறந்து
ஓடுகிற கன்றைப் பிடிப்பதுபோல
பெண்டுலத்தை உள்ளங்கையில் வாங்கினார்.
நான் சுவரிலிருந்த குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு நிமிஷம் ஆனது.
மூன்று ஆனது.
"நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன போட?"
"நல்ல நிலை," என்றார்கள் இருவரும்.

அசல் குண்டை மட்டும் எடுத்துக்கொண்டு
படிக்கல் இரண்டையும் விட்டுப் போனார்.
கடல்காற்று ஓங்கும் சாயங்காலங்களில்
கடைக்கதவு அடித்துக்கொள்ளாமல்
முட்டுக்கு வைக்கிறோம்.